மூன்றாவது நாற்காலி

தொழிலாளியும் முதலாளியும் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கில் அரசுக்கு என்ன வேலை? நூறாண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியைச் சுற்றி வளர்ந்த துறை 'தொழில் உறவுகள்'. மேல்நாட்டுப் பேராசிரியர்கள் சொன்ன விடை ஒன்று. இந்தியா எழுதிக்கொண்ட விடை வேறு.

சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரம். 1918 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தினமும் மாலையில் அதன் நிழலில் ஆயிரக்கணக்கான ஆமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூடினார்கள். முந்தைய ஆண்டு ஊரில் பிளேக் பரவியபோது, தொழிலாளர்கள் ஓடிவிடக் கூடாது என்று ஆலைக்காரர்கள் தாராளமாக 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். பிளேக் போனதும் போனஸை நிறுத்தப் பார்த்தார்கள். ஆனால் யுத்தகால விலைவாசி இறங்கவில்லை. தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் தர முடியாது என்றார்கள். ஆலைகளின் நிலைமையையும் பம்பாய்க் கூலியையும் விசாரித்துவிட்டு, 35 சதவீதம் நியாயம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் காந்தி.

முதலாளிகள் தரப்பின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்கள் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. பிப்ரவரி 22ஆம் தேதி கதவடைப்பு. நாட்கள் ஓட, வயிறு காய, உறுதி தளரத் தொடங்கியது. மார்ச் 15ஆம் தேதி காந்தி உண்ணாவிரதம் இருந்தார். மூன்று நாளில் உடன்பாடு வந்தது. முதல் நாள் 35 சதவீதம். தொழிலாளர்களின் சபதம் காப்பாற்றப்பட்டது. இரண்டாம் நாள் 20 சதவீதம். முதலாளிகளின் வீம்பு காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாளிலிருந்து, மத்தியஸ்தர் முடிவு சொல்லும் வரை, இரண்டுக்கும் நடுவே 27½ சதவீதம். மத்தியஸ்தராக வந்தவர் ஆனந்தசங்கர் துருவா என்ற கல்லூரிப் பேராசிரியர். சில மாதங்களில் அவர் அளித்த தீர்ப்பு: 35 சதவீதம்.

தீர்ப்புச் சொன்னவர் அரசு அதிகாரி அல்ல, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு தனி மனிதர் என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது. தொழிலாளி, முதலாளி இருவருக்கும் நாற்காலி போட்டிருந்த இடத்தில் மூன்றாவது நாற்காலி அவர்களே தேடிப் பிடித்து உட்கார வைத்த ஒருவருக்குத்தான். அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகான இந்தியத் தொழிலாளர் வரலாறு முழுவதும் ஓடும் சண்டை.

அதே 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அங்கே மூன்றாவது நாற்காலியில் வந்து உட்கார்ந்தது நீதிமன்றம். பக்கிங்ஹாம் - கர்நாட்டிக் ஆலைத் தகராறில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடை உத்தரவு வாங்கியது. ஒன்று கூடிப் பேரம் பேசுவதே சதி என்று ஆகிவிடும் நிலை. இந்த அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது.

பிணங்களுக்குப் பிறகு பிறந்த பாடம்

தொழில் உறவுகள் என்பது நூலகத்தில் பிறந்த பாடம் அல்ல. 1914 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரக் குடியிருப்பை மாநிலக் காவல்படை தாக்கியது. தீப்பற்றிய கூடாரத்தின் அடியில் குழிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டார்கள். சுரங்கம் ராக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. நாடே கொதித்தது. நெருக்கடியைச் சமாளிக்க ராக்பெல்லர் தரப்பு அமர்த்திக்கொண்ட ஆலோசகர் மெக்கன்சி கிங், பிற்காலத்தில் கனடாவின் பிரதமரானவர். 1922இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொழில் உறவுகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு ராக்பெல்லர் உதவியுடன் தொடங்கியது.

அதற்கு முன்பே, 1912இல் அமெரிக்க நாடாளுமன்றம் தொழில் உறவுகள் கமிஷன் ஒன்றை அமைத்திருந்தது. அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததில் அதற்குப் பெரும் பங்கு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆர். காமன்ஸ், தொழிலாளியின் உழைப்பை உருளைக்கிழங்குபோல் சந்தையில் எடை போட முடியாது என்ற அடிப்படையில் ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். உழைப்பை விற்பவன் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. உழைப்போடு அவனும் ஆலைக்குள் போக வேண்டும். அதனால்தான் விலையைத் தவிர இன்னும் பலவற்றைப் பேச வேண்டியிருக்கிறது: நேரம், கண்ணியம், பாதுகாப்பு, மேஸ்திரியின் வாய்.

இங்கிலாந்தில் சிட்னி வெப், பீட்ரிஸ் வெப் தம்பதியர் 1897லேயே 'தொழில் ஜனநாயகம்' என்ற நூலில் சங்கங்களின் ஆயுதங்களை மூன்றாக வகுத்திருந்தார்கள். ஒன்று, உறுப்பினர்கள் தங்களுக்குள் நிதி சேர்த்து உதவிக்கொள்வது. இரண்டு, கூட்டுப் பேரம். மூன்று, சட்டம் போட வைப்பது. முதல் இரண்டுக்கும் சங்கத்துக்குச் சொந்த பலம் வேண்டும். மூன்றாவதற்கு அரசின் தயவு வேண்டும். இந்தியச் சங்கங்கள் பெரும்பாலும் மூன்றாவதையே நம்பி வளர்ந்தன என்பதைப் பின்னால் வந்த எல்லா ஆய்வாளர்களும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று கண்ணாடிகள்

ஒரே வேலைநிறுத்தத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்கலாம். 1966இல் பிரிட்டிஷ் அரசின் டொனவன் கமிஷனுக்காக எழுதிய ஆய்வில் ஆலன் ஃபாக்ஸ் முதல் இரண்டு பார்வைகளைப் பிரித்துக் காட்டினார்.

முதல் கண்ணாடியில் தொழிற்சாலை ஒரு குடும்பம். முதலாளி தகப்பன், எல்லாருக்கும் நோக்கம் ஒன்றே. இங்கே சண்டை வந்தால் அது வெளியாள் மூட்டியது, அல்லது யாரோ ஒருவரின் மனக்கோளாறு. இரண்டாவது கண்ணாடியில் தொழிற்சாலை ஒரு சின்ன ஜனநாயகம். அதில் பல தரப்புகள், பல நலன்கள். சண்டை இயல்பானது, அதை விதிகளுக்குள் கொண்டுவருவதுதான் நிர்வாகத் திறமை. சங்கம் என்பது எதிரி அல்ல, எதிர்க்கட்சி.

மூன்றாவது கண்ணாடியை மாட்டிக்கொண்டவர்களில் ஃபாக்ஸும் ஒருவர். 1974இல் அவர் தன் பழைய கருத்தையே சந்தேகித்தார்: இரு தரப்பும் சமபலத்தோடு பேரம் பேசுவதாகச் சொல்வது பாசாங்கு அல்லவா? ஆலையை மூடிவிட்டுக் காத்திருக்க முதலாளியால் முடியும். அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கத் தொழிலாளியால் எத்தனை நாள் முடியும்? மறு ஆண்டு ரிச்சர்ட் ஹைமன் மார்க்சியக் கோணத்தில் இதை இன்னும் கறாராக எழுதினார். விதிகளைப் படிப்பது இந்தத் துறையின் வேலை அல்ல, வேலையின் மீது யார் கட்டுப்பாடு என்ற போராட்டத்தைப் படிப்பதே வேலை என்பது அவர் வாதம்.

காந்தியின் தர்மகர்த்தா கொள்கை இந்த மூன்றில் எதிலும் முழுசாக அடங்காது. செல்வத்தை முதலாளி சமுதாயத்தின் சார்பில் வைத்திருக்கும் அறங்காவலர் என்றது முதல் கண்ணாடிக்கு நெருக்கம். ஆனால் தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும், சத்தியாக்கிரகமாக வேலைநிறுத்த உரிமையும் வேண்டும் என்றது இரண்டாவதின் சாயல். தன் உண்ணாவிரதம் நண்பர்களான ஆலைக்காரர்களை நெருக்கியது, அதனால் அந்த வெற்றியில் ஒரு குறை இருக்கிறது என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அறம் பேசும் இடத்திலும் பலம் ஒளிந்திருக்கிறது என்பதை எந்தப் பேராசிரியருக்கும் முன்பே அவர் கண்டுகொண்டார்.

கண்ணாடி மாறினால் அறையின் பெயர்ப்பலகையும் மாறும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் நல அதிகாரி இருக்க வேண்டும் என்றது. பம்பாயில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1949இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்த எக்ஸ்.எல்.ஆர்.ஐ. போன்ற இடங்களிலிருந்து படித்துவிட்டு வந்தவர்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். 'பெர்சனல் அண்ட் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ்' என்று இருந்த பலகை, தாராளமயத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல 'மனிதவளம்' ஆனது. உறவு என்றால் இரண்டு பேர் வேண்டும். வளம் என்றால் வைத்திருப்பவர் ஒருவர் போதும்.

டன்லப்பின் முக்காலி

துறைக்கு ஒரு பொதுக் கோட்பாடு கொடுக்க முயன்றவர் ஹார்வர்டு பேராசிரியர் ஜான் டன்லப். பின்னாளில் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சராகவும் இருந்தவர். 1958இல் வெளியான அவருடைய 'தொழில் உறவு அமைப்புகள்' நூலின்படி இந்த நாடகத்தில் மூன்று பாத்திரங்கள்: தொழிலாளர்களும் அவர்களது சங்கங்களும், நிர்வாகமும் அதன் சங்கங்களும், அரசு அமைப்புகள். மூவரையும் சூழ்ந்திருப்பவை தொழில்நுட்பம், சந்தை, சமூகத்தில் அதிகாரம் பங்கிடப்பட்டிருக்கும் விதம். மூவரையும் சேர்த்துக் கட்டும் பொதுவான நம்பிக்கை ஒன்றும் உண்டு. இத்தனையும் சேர்ந்து உற்பத்தி செய்வது ஒரு விதிவலை: கூலி, ஷிப்டு, பதவி உயர்வு, தண்டனை, எல்லாம்.

வரைபடமாகப் போட அழகான கோட்பாடு. இன்றும் தேர்வுகளில் கேட்கப்படுவது. ஆனால் இதில் மூன்று கால்களும் ஏறக்குறைய ஒரே உயரம் என்று தோன்றும். இந்திய முக்காலியில் அரசின் கால் மட்டும் மற்ற இரண்டையும்விட நீளம்.

அதை நீட்டியது யுத்தம். 1942இல் இந்தியப் பாதுகாப்பு விதி 81-ஏ, தகராறுகளைக் கட்டாயத் தீர்ப்புக்கு அனுப்பவும் வேலைநிறுத்தத்தைத் தடுக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. யுத்தம் முடிந்தது, விதி மட்டும் வேறு உடை போட்டுக்கொண்டு 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டமாக வந்தது. எந்தத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகலாம், எது போகக் கூடாது என்பதை 10ஆவது பிரிவின் கீழ் அரசே முடிவு செய்தது. ஒப்படைக்கும் அந்த ஒரு கையெழுத்துக்காகச் சங்கத் தலைவர்கள் தலைமைச் செயலகப் படிக்கட்டுகளில் காத்திருந்த காலம் பல பத்தாண்டுகள்.

இதை நியாயப்படுத்த ஒரு கோட்பாடும் கையில் இருந்தது. இந்தியத் தொழிலாளி பாதி விவசாயி. அறுவடை வந்தால் ஊருக்கு ஓடிவிடுவான். அவனுக்கு ஆலையிலும் பிடிப்பில்லை, சங்கத்திலும் பிடிப்பில்லை. 1931இல் ராயல் கமிஷன் அறிக்கையிலும், 1958இல் இந்தியத் தொழிலாளர் பிரச்னைகள் பற்றி எம்.ஐ.டி. பேராசிரியர் சார்லஸ் மையர்ஸ் எழுதிய நூலிலும் இந்தப் படம் ஏதோ ஒரு வடிவில் வரும். பம்பாய் ஆலைகளின் நூறாண்டுப் பதிவுகளைப் புரட்டிய மாரிஸ் டி. மாரிஸ் 1965இல் இதை மறுத்தார்: ஒழுங்கீனம் என்று சொல்லப்பட்டதற்குக் காரணம் கிராமத்து ரத்தம் அல்ல, ஆலைகள் ஆளெடுத்த விதமும் நிர்வகித்த விதமும்தான். கோவை நெசவாலைத் தொழிலாளர்களிடையே ஆய்வு செய்த சமூகவியலாளர் இ.ஏ. ராமசாமியின் 1977ஆம் ஆண்டு நூலிலும், தெரிந்தே, விரும்பியே சங்கத்தில் சேர்ந்த தொழிலாளிகளைத்தான் பார்க்க முடிகிறது. ஆனால் சட்டம் அதற்குள் பழைய படத்தின் மேல் கட்டி எழுப்பப்பட்டுவிட்டது.

கிரியின் தோல்வி

இந்தக் கட்டடத்தை ஆரம்பத்திலேயே எதிர்த்தவர் ஒருவர் உண்டு. எதிர்த்தது எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அல்ல, தொழிலாளர் அமைச்சரின் நாற்காலியிலிருந்தே. ரயில்வே தொழிற்சங்கத்தை வளர்த்தவரும் பிற்காலக் குடியரசுத் தலைவருமான வி.வி. கிரி 1952இல் நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். கட்டாயத் தீர்ப்பு முறை தொழிற்சங்கங்களின் முதல் எதிரி என்பது அவர் கட்சி. அதிருப்தி எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே நின்று, லேசாக முணுமுணுப்பு கேட்டாலும் இருவரையும் கோர்ட்டுக்கு இழுத்துப் போகும் போலீஸ்காரருக்கு அதை ஒப்பிட்டார்.

கிரியின் தர்க்கம் எளிமையானது. கடைசியில் மூன்றாவது ஆள் வந்து பாதிக்குப் பாதி பிரித்துக் கொடுப்பார் என்று தெரிந்தால், தொழிலாளி இரண்டு மடங்கு கேட்பார், முதலாளி ஒன்றுமே இல்லை என்பார். இடையில் இறங்கி வருபவர் ஏமாளி. பேரம் பேசும் தசை இரு பக்கமும் சூம்பிப்போகும். சங்கத்துக்குத் தேவைப்படுவது உறுப்பினர் அல்ல, வக்கீல் என்று ஆகிவிடும்.

1952 அக்டோபரில் நைனிடாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அவர் கருத்து எடுபடவில்லை. அவரை மறுத்தவர்களின் வாதமும் வெறும் வாதம் அல்ல. சங்கங்கள் பலவீனம், ஒரே ஆலையில் நான்கு கொடிகள், வேலைநிறுத்த நிதி என்று சல்லிக்காசு இல்லாத நிலை. பலமில்லாதவனைச் சுதந்திரமாகப் பேரம் பேசு என்று விடுவது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் இறக்குவது போல. தீர்ப்பாயங்கள் செய்த நன்மையும் கண்ணெதிரே இருந்தது: போனஸ் என்பது முதலாளியின் கருணை அல்ல, உபரி லாபத்தில் உரிமை என்பதற்கான கணக்கு 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடமிருந்தே வந்தது.

1954இல் வங்கி ஊழியர்களுக்கு அதே தீர்ப்பாயம் தந்த தீர்ப்பை அரசு திருத்தியது. கட்டாயத் தீர்ப்பு வேண்டும் என்ற அரசே, தீர்ப்பு பிடிக்காதபோது மாற்றிக்கொண்டது. கிரி பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர் கண்டுபாய் தேசாய். 1957இல் அவருக்கும் பின் வந்தவர் குல்சாரிலால் நந்தா. இருவரும் ஆமதாபாத்தில் 1920இல் காந்தியும் அனசூயாவும் உருவாக்கிய மஜூர் மகாஜன் என்ற நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர்கள். கருவேல மரத்தின் நிழல் டெல்லி வரை நீண்டது. ஆனால் மரத்தடியில் மத்தியஸ்தரை இரு தரப்பும் தேர்ந்தெடுத்தன. டெல்லியில் அரசு தேர்ந்தெடுத்தது.

பம்பாய் எழுதிய பரீட்சை

கோட்பாடு சரியா தவறா என்று பம்பாய்தான் பரீட்சை எழுதிக் காட்டியது. பம்பாய் மாகாணத் தொழிலாளர் அமைச்சராக நந்தா இருந்த காலத்தில் வந்தது 1946ஆம் ஆண்டு பம்பாய்த் தொழில் உறவுகள் சட்டம். ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே ஒரு 'பிரதிநிதித்துவ சங்கம்'. பேச அதற்கு மட்டுமே உரிமை. ஆமதாபாத்தில் மஜூர் மகாஜனுக்கு நிஜமான செல்வாக்கு இருந்ததால் அந்தச் சட்டை அங்கே பொருந்தியது. பம்பாயில் அது காங்கிரஸ் சார்பான ராஷ்ட்ரிய மில் மஜ்தூர் சங்கத்துக்குத் தைத்த சட்டையானது. தொழிலாளியின் மனம் வேறிடம் போனாலும் அங்கீகாரம் இடம் மாறவில்லை.

1981 தீபாவளி போனஸ் அதிருப்தியில் தொடங்கிய புகைச்சல், தொழிலாளர்களை டாக்டர் தத்தா சாமந்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. 1982 ஜனவரி 18ஆம் தேதி சுமார் 60 ஆலைகளில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கோரிக்கைகளில் கூலி உயர்வோடு அந்தச் சட்டத்தின் ரத்தும் இருந்தது. முதலாளிகளும் அரசும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: சட்டப்படி பேச வேண்டியது அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு மட்டுமே. தொழிலாளிகள் ஒரு பக்கம் நிற்க, தொழிலாளர் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். டன்லப்பின் வரைபடத்தில் மூன்று பெட்டிகளும் நிரம்பியே இருந்தன. முதல் பெட்டிக்குள் தொழிலாளி மட்டும் இல்லை.

ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்த அந்த வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் பெறப்படவே இல்லை, கரைந்துபோனது. 1983இல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1984 மக்களவைத் தேர்தலில் சாமந்த் வென்றார். அவரை நம்பிய பல்லாயிரம் பேர் மீண்டும் ஆலை வாசலை மிதிக்கவில்லை. 1997 ஜனவரியில் சாமந்த் சுட்டுக் கொல்லப்பட்டார். பருத்திப் பஞ்சு பறந்த லோயர் பரேலில் பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் இன்று இருப்பது கடைவீதிக் கோட்டை.

புத்தாயிரத்திலும் பாடம் திரும்ப நடத்தப்பட்டது. ஹரியானாவின் மானேசரில் மாருதி சுசுகி தொழிற்சாலையில் 2011 முழுவதும் தனிச் சங்கம் வேண்டும் என்ற கோரிக்கையைச் சுற்றியே வேலைநிறுத்தங்களும் கதவடைப்பும் நடந்தன. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே கன்வேயரில், வேறு வேறு சம்பளத்தில். சங்கம் பதிவான சில மாதங்களில், 2012 ஜூலை 18ஆம் தேதி, மூண்ட வன்முறையில் மனிதவள அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். 2017இல் குர்கான் நீதிமன்றம் 31 தொழிலாளர்களைக் குற்றவாளிகள் என்றது, 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர்கள் உட்பட 117 பேரை விடுவித்தது. எந்தக் கொலைக்கும் கோட்பாடு சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் மனக்கசப்பு வெளியேற வாசல் இல்லாத வீட்டில் சுவர்தான் இடியும் என்பதை இரண்டாவது கண்ணாடிக்காரர்கள் எப்போதோ சொல்லியிருந்தார்கள்.

எதிரே யார்?

ஆலை வாசலுக்கு வெளியே இந்தக் கோட்பாடுகள் எல்லாமே தடுமாறின. மஜூர் மகாஜனின் பெண்கள் பிரிவைக் கவனித்துவந்த வழக்கறிஞர் இலா பட், ஆமதாபாத் துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்களையும் பழைய துணி விற்பவர்களையும் திரட்டி 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனார். தொழிலாளர் துறை அதிகாரிகள் கேட்ட கேள்வி: உங்கள் முதலாளி யார்? முதலாளி இல்லாமல் யாரை எதிர்த்துச் சங்கம்? சங்கம் என்பது யாரையாவது எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, தொழிலாளர்கள் ஒன்றாவதற்கு என்று வாதாடி 1972இல் பதிவு வாங்கினார் இலா பட். டன்லப்பின் மூன்று பாத்திரங்களில் ஒருவரைக் காணோம். ஆனாலும் நாடகம் நடந்தது.

அமைப்புசாராத் தொழில்களுக்கான தேசியக் கமிஷன் 2004-05ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியத் தொழிலாளர்களில் 92 சதவீதம் பேர் முறைசாரா வேலையில் இருப்பவர்கள் என்றது. அப்படியானால் பாடப்புத்தகத்தின் பெரும்பகுதி மிச்சமுள்ள எட்டு சதவீதத்தைப் பற்றியது. இந்த வரிசையில் புதிதாக வந்து நிற்பவர்கள் செல்போன் செயலி அழைக்கும்போது ஓடும் டெலிவரி இளைஞர்களும் டாக்சி ஓட்டுநர்களும். 2020-21இல் இப்படிப்பட்டவர்கள் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டது. செயலி நிறுவனம் அவர்களைத் தொழிலாளி என்பதில்லை, பங்குதாரர் என்கிறது. லாபத்தில் அல்ல, பெட்ரோல் செலவில்.

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் ஒன்றான 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பு, 1926, 1946, 1947ஆம் ஆண்டுகளின் மூன்று சட்டங்களை ஒன்றாக்கியது. கிரி உயிரோடு இருந்தால் இரண்டு இடங்களில் தலையசைத்திருப்பார். தகராறைத் தீர்ப்பாயத்துக்கு ஒப்படைக்கும் அரசின் அதிகாரம் போய்விட்டது. சமரசம் முறிந்தால் தரப்பினர் நேரடியாகவே போகலாம். 51 சதவீத ஆதரவுள்ள சங்கத்தோடு நிர்வாகம் பேசியாக வேண்டும். அப்படி ஒன்று இல்லாவிட்டால், 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்களின் குழுவோடு.

அடுத்த பக்கத்தில் அவர் புருவம் உயர்ந்திருக்கும். எல்லாத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. முன்னறிவிப்பு கொடுத்ததும் சமரசம் தொடங்கிவிட்டால் சட்டப்படியான வேலைநிறுத்தத்துக்கு நாளே கிடைக்காது என்பது சங்கங்களின் வாதம். ஆலையை மூடவும் ஆட்குறைக்கவும் அரசு அனுமதி தேவைப்படும் வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆகியிருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆளெடுக்கும் முறைக்கும் சட்ட அந்தஸ்து உண்டு. பி.எம்.எஸ். வரவேற்றது, மற்ற மத்தியச் சங்கங்களில் பெரும்பாலானவை எதிர்த்துத் தெருவுக்கு வந்தன. தொழில் வளர வேண்டுமானால் நெகிழ்வு தேவை என்பது அரசும் தொழிலதிபர்களும் சொல்லும் பதில்.

ஆக, மூன்றாவது நாற்காலியில் இருந்த அரசு கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கிரி கேட்டதும் அதுதான். ஆனால் அரசு நகரும்போது, பேரம் பேசும் பலம் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கின் மறுபாதி. அந்தப் பலத்துக்குக் கடைசி ஆயுதம் வேலைநிறுத்தம். அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டு நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்பதை அவர் கூட்டுப் பேரம் என்று ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகமே.

1918இல் ஆமதாபாத் தொழிலாளிக்கு ஒரு வசதி இருந்தது. முதலாளி யார் என்று அவனுக்குத் தெரியும். அவர் வீடு எங்கே என்றும் தெரியும். இன்று அதே ஊரில், மழையில் நனைந்தபடி சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞனுக்குக் கட்டணம் குறைக்கப்பட்டால் அவன் தகராறு செய்ய வேண்டியது செல்போன் திரையோடு. யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற கேள்வி அவனுக்கு இன்னும் வரவில்லை. எதிரே ஒரு நாற்காலி இருக்கிறது என்று முதலில் யாராவது அவனுக்குக் காட்ட வேண்டும்.